மரமறிந்து மனை கட்டுதல்



டில்லியிலும் சண்டிகரிலும் வாழும் தமிழர் பலர் கோடை விடுமுறையில் குலு, மணாலி முதலிய மலையூர்களுக்குச் செல்வதுண்டு. பனிமலையையும் பியாஸ் நதியையும் கண்டு களிக்கும் நாம், வழியோரத்துப் பழைய மரவீடுகளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நடந்துவிடுகிறோம். எந்த மரத்தை எங்கே வைப்பது, அதை எவ்வாறு அடுக்குவது என்னும் இரண்டு வினாக்களுக்கு அம்மலைத் தச்சர்கள் கண்ட விடைகளே அவ்வீடுகள்.

முதலில் மரம். இமயத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திற்கு மேல் தேவதாரு செழித்து வளர்கிறது. அதன் வைரப்பகுதியில் மணமுள்ள எண்ணெய் ஊறியிருப்பதால் கறையானும் பூஞ்சையும் அதை எளிதில் அணுகுவதில்லை. ஆதலின் ஈரம் தாக்கும் அடிச்சுவருக்கும், மழையும் பனியும் படும் வெளிப்புறத்திற்கும் அதுவே ஏற்றது. கைல் எனப்படும் நீலப் பைன் இலேசானது; இழைப்புளிக்கு இணங்குவது; ஆயின் உழைப்பில் தேவதாருவுக்கு அடுத்தபடியே. கதவு, பலகைத் தளம் போன்ற உள்வேலைக்கு அது போதும். ராய், தோஷ் என்னும் மரங்கள் ஈரத்தில் விரைவில் உளுத்துப்போகும்; அவற்றை மழை படாத உட்கூரைக்கும் பெட்டிகளுக்கும் பயன்படுத்துவர்.

இனம் மட்டும் அறிந்தாற் போதாது. ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று நாம் சொல்கிறோமே, அச்சொல்லில் ஓர் இலக்கணமே அடங்கியிருக்கிறது. தேவதாருவே ஆயினும் அதன் வெளிறு பூச்சிக்கு இரையாகும். எனவே வெளிற்றைச் செதுக்கி நீக்கி, நன்றாக உலர்த்திய பின்னரே மரத்தைச் சுவரில் ஏற்ற வேண்டும். பெயரை மட்டும் நம்புவதும் தகாது. தமிழ்நாட்டில் தேவதாரம் என்று செம்புளிச்சானையும் வழங்குகின்றனர். வறண்ட காடுகளில் வளரும் அச்சிறுமரம் வேறு, இமயத் தேவதாரு வேறு.

அடுத்து, அடுக்கும் முறை. நார்வே, ருஷ்யா முதலிய வடநாடுகளில் உருண்டை மரங்களையே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, மூலைகளில் வெட்டுவாய் அமைத்துப் பொருத்துவது பழைய வழக்கம். காஷ்மீரத்தின் குரேஸ் பள்ளத்தாக்கிலும் முழுமரச் சுவர்களைக் காணலாம். கடுங்குளிருக்கு அவை உகந்தவை. கல்லைவிட மரம் வெப்பத்தைக் காக்கும். ஆனால் நெடிய, நேரான மரங்கள் மிகுதியாக வேண்டும். மேலும் மரம் உலரும்போது நீளத்தில் அதிகம் சுருங்குவதில்லை, குறுக்கேதான் சுருங்கும். ஆகவே முழுமரச் சுவர் நாளடைவில் சற்றே தாழும். கதவு, சன்னல்களின் தலைப்பில் இடைவெளி விடாவிட்டால் அவை இறுகிப்போகும்.

குலுப் பகுதியினர் வேறு வழி கண்டனர். அதற்குக் காட்குணி என்று பெயர். காட் என்றால் மரம்; குணி என்றால் மூலை. நான்கு பட்டையாகச் செதுக்கிய இரண்டு உத்தரங்களைச் சுவரின் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாகக் கிடத்தி, விலகாதபடி குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, நடுவே சிறு கற்களை நிரப்புவர். அதன்மேல் சாந்தில்லாத கல்வரிசை. அதற்கும் மேல் மீண்டும் மரம். மூலைகளில் ஒரு சுவரின் உத்தரத்தின்மீது மறுசுவரின் உத்தரம் மாறிமாறி ஏறும். கல்வரிசைகள் இடையே வருவதால் மரமும் குறைவு. சுவர் தாழ்வதும் குறைவு. கனத்த ஸ்லேட்டுக் கூரை சுவரை அழுத்திப் பிடிக்கிறது. கீழ்த்தளத்தில் மாடுகள், மேல்தளத்தில் மனிதர்.

நிலம் நடுங்கும் நாட்டில் இவ்வமைப்பின் அருமை விளங்கும். 1905 ஏப்ரல் 4-ஆம் நாள் நிகழ்ந்த காங்க்ரா நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். சாந்திட்டு இறுக்கிய சுவர் அதிர்ச்சியில் பிளக்கும். காட்குணிச் சுவரோ சற்றே அசைந்துகொடுத்து, அதிர்ச்சியைத் தன் பொருத்துகளில் வாங்கிக்கொள்ளும். சராஹனிலுள்ள பீமகாளி ஆலயம் இம்முறையின் சிறந்த சான்று.

குறையும் உண்டு. நெருங்கிய மரவீடுகளுக்குத் தீயே பெரும்பகை. 2008 ஜனவரியில் மலாணாக் கிராமத்தின் பல வீடுகள் எரிந்தன. மரத்திற்கும் பஞ்சம் வந்துவிட்டது. 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தது. தேவதாரு முதிர்ந்து வைரம் பாய்வதற்குப் பல தலைமுறை ஆகும். அதைக் காப்பதும் நம் கடமையே. இன்று மலையூர்களில் சிமெண்டுக் கட்டடங்கள் பெருகியதில் வியப்பில்லை.

ஆயினும் பழைய வீட்டைப் பிரிப்போருக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. சாந்தும் இரும்பாணியும் இல்லாத அச்சுவரைப் பிரித்தால் உத்தரங்கள் பெரும்பாலும் முழுதாகவே கிடைக்கும். பாட்டன் வைத்த மரத்தைப் பேரன் மீண்டும் அடுக்கலாம். அதை விறகாக்கிவிட்டால், புதிதாகக் கேட்பதற்குக் காட்டில் மரமில்லை. அடுத்த முறை அம்மலைகளுக்குச் செல்லும் அன்பர்கள் பழைய வீடொன்றின் மூலையருகே சற்று நின்று, மேலிருந்து கீழாக அவ்வடுக்குகளை எண்ணிப் பாருங்கள். எந்த மரத்தை எங்கே வைப்பது என்று அறிந்தவன் காட்டையும் அளவோடு பயன்படுத்தினான் என்பது புலனாகும்.