கிழங்கு தெரிகிறது, இலை எங்கே?

(நமது சங்கத்தின் கூடல் விழாவில் முன்னாள் தாவரவியல் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நேரே கரியாலூருக்குப் போய்விடுகிறேன். கல்வராயன் மலையில் சில வருஷம் ஆசிரியராக வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றுக் கீழே வந்த பிறகும், மலையிலிருந்து செடி கொடிப் படங்கள் என் கைபேசிக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஒரு நாள் காலை ஒரு படம் வந்தது. சமவெளியிலிருந்து புதிதாக மாற்றலாகிப் போன இளம் ஆசிரியர் அனுப்பியது. தோட்டம் கொத்தும்போது அகப்பட்ட ஒரு கிழங்கு, மண்வெட்டி பட்டுப் பாதியாக உடைந்தது. "சார், இது வள்ளிக்கிழங்கு ஜாதியா? வேகவைக்கலாமா?" என்று கேள்வி. படத்தில் அவர் கைரேகைகூடத் தெரிகிறது. கிழங்கில் ஒட்டிய மண்ணை எண்ணிவிடலாம். ஆனால் பின்னால் இருந்த கொடி வெறும் பச்சைப் புகை!

உடனே போன் போட்டேன். "தம்பி, படம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா இலையைக் காணோமே! அடுப்புல வெச்சிடாதீங்க. ரெண்டு அடி பின்னால வந்து மறுபடி எடுங்க" என்றேன். இரண்டாவது படம் வந்தது. இலையின் நுனி நீண்டு, சுருள்கம்பி மாதிரிப் பக்கத்துக் குச்சியைப் பற்றியிருந்தது. நண்பர்களே, தாவரவியல்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? செங்காந்தள்! நம் மாநில மலர். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ள கிழங்கு. தின்றால் உயிரே போகலாம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, படமே பார்க்காமல், "அத ஏன்டா தொட்டே?" என்று அதட்டினாராம். மலை மக்களுக்கு இதற்கெல்லாம் கைபேசி வேண்டியதில்லை. நமக்குத்தான் வேண்டியிருக்கிறது.

சரி, அந்தப் பச்சைப் புகை ஏன் வந்தது? லென்ஸ் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச இடம் தெளிவாக இருக்கும், மற்றதெல்லாம் கலங்கும். பொருளை நெருங்க நெருங்க அந்தத் தெளிவான இடம் குறுகும். பழைய கைபேசிகளில் ஒளியுணரி சிறியது, தெளிவு தாராளம். இப்போது இரவிலும் படம் நன்றாக வரவேண்டும் என்று உணரியைப் பெரிதாக்கி, லென்ஸின் துளையையும் அகலமாக்கிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பெரிய உணரி உள்ள கைபேசியில் 15 செ.மீ. தூரத்தில் தெளிவின் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை செ.மீ.தான். கிழங்கு அதற்குள் அடங்கும், கொடி அடங்காது.

பெரிய கேமராவில் துளையைச் சுருக்கினால் தெளிவு கூடும். 1932இல் ஆன்செல் ஆடம்ஸ் முதலிய அமெரிக்கப் புகைப்படக்காரர்கள், முழுத் தெளிவே தங்கள் கொள்கை என்று, ஒரு சிறிய துளையின் எண்ணான எஃப்/64 என்பதையே தங்கள் குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். 2018இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்9 போன்ற சிலவற்றில் இரண்டு துளை அளவுகள் இருந்தன. பெரும்பாலான கைபேசிகளில் துளை மாறாது. ஆகவே நாம்தான் மாறவேண்டும்.

ஒன்று: பின்னால் போங்கள். தூரத்தை இரு மடங்காக்கி, 2x வைத்தோ, பிறகு வெட்டியோ அதே அளவுக்குப் படத்தைக் கொண்டுவந்தால், தெளிவின் ஆழமும் ஏறக்குறைய இரு மடங்காகும். நுணுக்கம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இரண்டு: போர்ட்ரெயிட் முறையை அணையுங்கள். அது மென்பொருள் வேண்டுமென்றே பூசும் கலங்கல். அதைப் பல கைபேசிகளில் பிறகு குறைத்துக்கொள்ளலாம். லென்ஸ் கலக்கியதையோ மீட்க முடியாது.

மூன்று: மேக்ரோ. 2021இல் வந்த ஐபோன் 13 ப்ரோ 2 செ.மீ. வரை நெருங்கியது, அகலக்கோண லென்ஸால் அது முடிகிறது. அதே லென்ஸைக் கொஞ்சம் தள்ளி வைத்து எடுத்தால் பின்னணியும் தெளியும். ஒட்டிப் போனால் மறுபடியும் கலங்கல்தான், போதாததற்குக் கைபேசியின் நிழல் வேறு!

நான்கு, என் கட்சி இதுதான்: தெரியவேண்டியதையெல்லாம் ஒரே தளத்தில் வையுங்கள். நாம் உலர்தாவரத் தாள் தயாரித்தது ஞாபகம் இருக்கிறதா? இலையின் மேல்புறம், அடிப்புறம், பூ, காய் எல்லாம் பழைய செய்தித்தாளில் பரப்பி அழுத்துவோமே, அதேதான். பரப்பி வைத்து, கைபேசியை அதற்கு இணையாகப் பிடித்து எடுங்கள். செடியைப் பறிக்கக்கூடாத இடமென்றால் பூவுக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, முழுச் செடிக்கு ஒன்று என்று மூன்று படம் எடுங்கள்.

திருச்சி தூய வளனார் கல்லூரி ராப்பினட் உலர்தாவரகத்தின் பாதிரியார் கே.எம். மேத்யூ அவர்களும் குழுவினரும் நம் கல்வராயன் உள்ளிட்ட மலைகளில் அலைந்து தொகுத்த தாவர நூலை நினைத்துப் பாருங்கள். 1982இல் வந்த அதன் ஓவியத் தொகுதியில் இருப்பவை வெறும் கோட்டுப் படங்கள். அங்கே பின்னணிக் கலங்கல் இல்லை. அடையாளத்துக்கு எது வேண்டுமோ அது கோட்டில் இருக்கிறது.

அழகுக்குப் படம் எடுத்தால் பின்னணி கலங்கட்டும். பூ எடுப்பாக இருக்கும். அடையாளத்துக்கு என்றால் கலங்கக்கூடாது. ஆனால் எவ்வளவு தெளிவான படமானாலும் அதை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள். அந்த இளம் ஆசிரியர் இப்போது படம் எடுப்பதற்கு முன்னால் பாட்டியிடம் கேட்டுவிடுகிறாராம்.