மின் வண்டிக்கு மின்காப்பே வேலி

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



முன்னர் நம் ஊர்களில் குப்பை அள்ளத் தள்ளுவண்டியே இருந்தது. இன்று பல பஞ்சாயத்துகளில் பாட்டரி வண்டிகள் ஓடுகின்றன. உழவர் இல்லங்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. புகையில்லை, பெட்ரோல் செலவில்லை. மகிழத்தக்கதே. ஆனால், வண்டி வாங்குவதில் காட்டும் அக்கறையை அதன் மின்காப்பைப் பேணுவதிலும் காட்டுகிறோமா?

மின்காப்பு என்பது யாது? மின்சாரம் தன் வழியை விட்டு வெளியேறாதபடி தடுக்கும் பொருளே அது. வயரின் மேலுள்ள உறையும், மோட்டார்க் காயிலின் கம்பிமேல் பூசிய எனாமலும் மின்காப்புகளே. வயலுக்கு வரப்பு எவ்வாறோ, மின்சாரத்திற்கு இது அவ்வாறு. நண்டு வளை சிறிதாகவே தொடங்குகிறது. கவனியாது விட்டால் வரப்பே உடைகிறது.

வெப்பம், ஈரம், அதிர்வு, எலி ஆகிய நான்கும் மின்காப்பின் பகைகள். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாரின் கணக்கு. கிணற்று மோட்டார் எரிந்து காயில் கட்டக் கொடுத்தவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். மோட்டாராவது ஓரிடத்தில் நிற்கிறது. வண்டியோ மேடு பள்ளங்களில் குலுங்கி ஓடுகிறது.

மின்சாரக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் அழுத்தம் 400 வோல்ட் அளவில் உள்ளது. அந்த மின்சுற்று வண்டியின் உடலோடு சேராமல் தனித்தே அமைக்கப்படுகிறது. ஆகவே, ஓரிடத்தில் காப்பு கெட்டாலும் எவருக்கும் ஷாக் அடிக்காது, வண்டியும் ஓடும். மற்றொரு முனையிலும் காப்பு கெடும்போதே பேராபத்து நேரும். முதற் பழுது மௌனமாக வருவதால், கசிவைக் கண்காணிக்கும் கருவி தேவையாகிறது. நேர்மின் சுற்றில் ஒரு வோல்ட்டுக்கு 100 ஓமாவது காப்புத் தடை வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. 400 வோல்ட்டுக்கு இது 40,000 ஓம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், "வண்டிதான் ஓடுகிறதே" என்று இருந்துவிடலாகாது.

48 வோல்ட்டில் ஓடும் சிறு வண்டிகளில் ஷாக் அபாயம் குறைவு. எனினும், காப்பு கெட்டு வயர்கள் ஒன்றோடொன்று உரசினால் தீப்பற்றும். மேலும், சார்ஜருக்கு வருவது 230 வோல்ட் வீட்டு மின்சாரம் என்பதை மறக்கலாகாது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். ஒரு மழைக்காலக் காலையில், சார்ஜில் நின்ற குப்பை வண்டியைத் தொட்ட தூய்மைப் பணியாளர் அம்மையார் தூக்கி எறியப்பட்டார். சார்ஜர் வயரின் உறை தேய்ந்திருந்தது. பிளக் பாயிண்டுக்கு எர்த் இல்லை. தெய்வாதீனமாக உயிர் பிழைத்தார். அங்கே எர்த் போடக் கேட்டு வந்த சிறு மதிப்பீட்டை, "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று ஒதுக்கியவன் நான்தான். அந்த அம்மையாரைக் காணும்போதெல்லாம் அக்கோப்பு என் நினைவுக்கு வருகிறது.

ஆகவே, உங்களைக் கேட்டுக்கொள்வது இதுவே. சார்ஜ் செய்யுமிடத்தில் முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் அமைக்க வேண்டும். பாட்டரி, கன்ட்ரோலர் ஆகியவற்றின்மீது தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாகாது. உறை உரிந்த வயரைத் துணி சுற்றிச் சமாளிக்காமல் மாற்றிவிட வேண்டும். ஆண்டுதோறும் மழைக்கு முன், பயிற்சி பெற்ற மெக்கானிக்கைக் கொண்டு காப்புத் தடையைச் சோதிக்க வேண்டும். மின்னணுப் பகுதிகளைப் பிரிக்காமல் மெக்கர் வைத்தால் அவை கெடும். எனவே, அறியாதவர் கையில் இவ்வேலையை விடலாகாது.

இச்செலவு பெரிதன்று. வரவு செலவுத் திட்டத்தில் வண்டிக்கு ஒரு வரி எழுதும்போது, அதன் காப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள். விடியற்காலையில் நம் தெருவைத் தூய்மை செய்ய வருபவரின் உயிருக்கு அதுவே வேலி.