ஆப்பிரிக்கப் பயணமும் அனுமதிச் சீட்டும்



காட்பாடிச் சந்திப்பு நிலையத்தில் பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் நின்று, ஊரின் பெயரைச் சொல்லிப் பணத்தை நீட்டினால் ஒரு சீட்டுக் கிடைக்கிறது. அச்சீட்டைக் கொண்டு சென்னைக்கும் போகலாம், பெங்களூருக்கும் போகலாம். நீர் யார், எங்கே பிறந்தீர், எதற்காகப் போகிறீர் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஆனால் நாட்டின் எல்லையைக் கடக்க வேண்டுமாயின் இக்கேள்விகள் அனைத்துக்கும் எழுத்தில் விடை இருந்தாக வேண்டும். அந்த விடையே பாஸ்போர்ட் என்று நாம் வழங்கும் கடவுச்சீட்டு. நாம் செல்லும் நாடு நம்மை ஏற்றுக்கொள்ள இசைந்ததற்கு அடையாளம் விசா. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு இவ்விரண்டுடன் நோய்த் தடுப்புச் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். இம்மூன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

'ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?' என்று நீங்கள் கேட்கலாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் மக்கள் அவ்வாறு கேட்க மாட்டார்கள். ஆவாரம்பட்டையைக் கொண்டு தோலைப் பதனிட்டு வந்த நம் தொழிலாளர், சென்ற நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலிருந்து கப்பலில் வந்த வாட்டில் மரப்பட்டையையும் பயன்படுத்தினர். இன்றோ தோல் தொழிலை வளர்க்க முனைந்துள்ள எத்தியோப்பியா போன்ற நாடுகளுக்கு நம் பக்கத்துத் தோல் தொழில் வல்லுநர் செல்கின்றனர். 1948ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், எத்தியோப்பியாவின் தோல் தொழில் வளர்ச்சி நிறுவனத்துடன் கூட்டாகப் பணி செய்தது. அந்த நாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாவோரை நான் ஆம்பூரில் கண்டிருக்கிறேன்.

நம் மாவட்டத்தார் ஆப்பிரிக்கா சென்றது இன்று நேற்றல்ல. 1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கென்று ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் முதற்கப்பல் அதுவே. அன்று முதல் 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்ஙனம் சென்றனர். அவர்களுள் பெரும் பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். வட ஆர்க்காடு மாவட்டத்தார் அவர்களுள் மிகப் பலர். அவர்களுக்கும் ஒரு சீட்டு இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள தழும்பு முதலியவற்றைப் பதிவேட்டில் எழுதினார்கள். எழுதியவர் ஆங்கிலத்தில் எழுதினார். எழுதப்பட்டவரோ பெரும்பாலும் எழுத்தறியாதவர். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. எழுத்து மூலமான இசைவின்றித் தோட்டத்தை விட்டு வெளியே போகவும் இயலாது. தமக்கெனக் கொடுக்கப்பட்ட சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியாமலே அவர்கள் கடல் கடந்தனர்.

ஒப்பந்தம் முடிந்த பின்னரும் சீட்டின் ஆட்சி ஓயவில்லை. மறு ஒப்பந்தம் செய்யாமல் அந்நாட்டிலேயே தங்கியவர் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்கப்பட்டது. 1897ஆம் ஆண்டின் நேட்டால் சட்டமோ, ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுத அறியாதவர் புதிதாக உள்ளே நுழையக் கூடாது என்றது. டிரான்ஸ்வாலில் வாழ்ந்த இந்தியர் பத்து விரல்களின் பதிவையும் கொடுத்துப் பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும் என்ற சட்டம் வந்தபோதுதான் காந்தியடிகள் சத்தியாக்கிரகம் என்னும் அறப்போரைத் தொடங்கினார். 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோகானஸ்பர்க் நகரின் ஹமீதியா மசூதித் திடலில் ஒரு பெரிய கொப்பரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களை இட்டு எரித்தனர். 1913ஆம் ஆண்டில் தமிழ்ப் பெண்கள் அனுமதிச் சீட்டின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நேட்டாலுக்குள் சென்று சிறைப்பட்டனர். அந்தப் போராட்டத்தில் சிறை புகுந்து, நோயுற்று, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மைக்கு அப்போது வயது பதினாறு. உங்களுள் பலருடைய வயது அது. மூன்று பவுன் வரி அவ்வாண்டிலேயே நீங்கியது.

சொந்த மண்ணிலே பிறந்த ஆப்பிரிக்கர்களுக்கும் இக்கொடுமை நேர்ந்தது. தம் நாட்டுக்குள்ளேயே அவர்கள் அனுமதிப் புத்தகம் சுமந்து திரிய வேண்டியிருந்தது. அதனை எதிர்த்து 1960 மார்ச் 21ஆம் நாள் ஷார்ப்பில் என்னுமிடத்தில் கூடியவர்கள் மீது காவலர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். அச்சட்டங்கள் நீக்கப்பெற்றது 1986ஆம் ஆண்டில்தான். இந்தியாவோ 1946ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முறித்துக்கொண்டது. நம் கடவுச்சீட்டிலே 'தென்னாப்பிரிக்கா செல்ல இது செல்லாது' என்னும் வாசகம் பல்லாண்டுகள் இடம்பெற்றிருந்தது. ஒரு சீட்டு அடிமைத்தளையாகவும் ஆகலாம். அறத்தின் பக்கம் நின்று பேசும் சாட்சியாகவும் ஆகலாம் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

இன்று நம் கையிலுள்ள சீட்டு எத்தகையது? அது ஓர் உரிமையின் அடையாளம். வெளிநாடு செல்வது குடிமகனின் தனி மனித உரிமையைச் சார்ந்தது என்று நமது உச்ச நீதிமன்றம் 1967ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக அவ்வாண்டிலேயே கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. சட்டத்தில் கூறிய காரணமின்றி ஒருவருக்குக் கடவுச்சீட்டை மறுக்க அதிகாரிக்கு உரிமை இல்லை. வயது வந்தோர்க்கு அது பத்தாண்டுகள் செல்லும். ஆனால் பல நாடுகள், பயணத்தின்போது இன்னும் ஆறு மாதங்களாவது அதற்கு ஆயுள் இருக்க வேண்டும் என்றும், முத்திரையிட வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன.

அச்சீட்டுக்கு அடித்தளம் நம் பள்ளிக்கூடத்திலேயே இடப்படுகிறது. இதனை நான் என் பிழையொன்றால் கற்றேன். ஆசிரியர் பயிற்சி பெற்று வேலைக்கு வந்த புதிதில், 1988ஆம் ஆண்டு ஜூன் மாதம், தோல் பதனிடும் சாலையில் வேலை செய்த ஒரு தந்தை தம் மகனை முதல் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். பையன் பிறந்தது செப்டம்பரில். ஐந்து வயது நிரம்பச் சில மாதங்கள் குறைந்தன. 'ஓராண்டு வீணாகுமே' என்று தந்தை வருந்தினார். அக்காலத்தில் பலரும் செய்ததையே நானும் செய்தேன். மே மாதத்தில் ஒரு தேதியைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினேன். உதவி செய்துவிட்டதாகவே எண்ணி மகிழ்ந்தேன்.

அந்தப் பையன் நன்றாகப் படித்தான். தோல் தொழில்நுட்பத்தில் பட்டயம் பெற்றான். 2007ஆம் ஆண்டில் அவனுக்கு எத்தியோப்பியாவில் வேலை வாய்த்தது. கடவுச்சீட்டு விண்ணப்பத்துடன் நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் இணைத்தான். இரண்டிலும் இரு வேறு தேதிகள்! விண்ணப்பம் நின்றது. ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து நின்று, இரு தாள்களையும் என் கையில் கொடுத்து, "ஐயா, இவற்றுள் நான் பிறந்த நாள் எது?" என்று கேட்டான். அவன் குரலில் சினம் இல்லை. அதனாலேயே எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. சான்றிதழைத் திருத்த ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அவனுக்கென்று வைத்திருந்த இடத்தில் வேறொருவர் அமர்ந்துவிட்டார். பிற்காலத்தில் அவன் நல்ல நிலையை அடைந்தான் என்பது உண்மை. ஆயினும் அந்த ஓராண்டை நான் திருப்பிக் கொடுக்க இயலாது. தலைமையாசிரியரான பின், சேர்க்கைப் பதிவேட்டின் ஒவ்வொரு வரியையும் பெற்றோருக்குப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிட்டேன்.

ஆதலால் முதலில் உங்கள் பெயரையும் பிறந்த நாளையும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழராகிய நாம் பெயருக்கு முன் தலைப்பெழுத்து மட்டும் இடுகிறோம். கடவுச்சீட்டிலோ அது விரிந்த பெயராக வர வேண்டும். பிழை இருப்பின் இன்றே திருத்திக்கொள்ளுங்கள். பயணம் முடிவான பிறகு திருத்தப் புகுவது, வண்டி புறப்பட்டபின் நடைமேடையில் ஓடுவதை ஒக்கும்.

அடுத்தது விசா. ஆப்பிரிக்கா ஒரு நாடன்று. ஐம்பத்து நான்கு நாடுகள் கொண்ட கண்டம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி. மொரீஷியசுக்குச் சுற்றுலா செல்லும் இந்தியர் முன்கூட்டி விசா பெற வேண்டுவதில்லை. கென்யா 2024 ஜனவரி முதல் விசாவை நீக்கி, இணைய வழியே முன்னதாகப் பெறும் பயண இசைவை ஏற்படுத்தியது. கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய மூன்றையும் தொண்ணூறு நாள்களுக்குள் சுற்றிவர ஒரே கூட்டு விசாவும் உண்டு. எத்தியோப்பியாவுக்கு இணையத்தின் வழியே விசா பெறலாம். இவ்விதிகள் மாறும் இயல்புடையவை. எனவே என் பேச்சையோ நண்பர் சொல்லையோ முடிவாகக் கொள்ளாமல், அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பயணத்துக்கு முன் படித்துக்கொள்க. சுற்றுலா விசா வேறு, வேலைக்குரிய விசா வேறு என்பதையும் மறவாதீர்கள். 'இப்போது சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று கூறும் தரகரை நம்பிச் சென்றவர் அந்நாட்டில் குற்றவாளியாகி நிற்க நேரும்.

மூன்றாவது, மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். ஆப்பிரிக்காவின் வெப்ப நாடுகள் பலவற்றில் கொசுவால் பரவும் நோய் இது. நம் நாட்டில் இந்நோய் இல்லை. ஆனால் இதைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு இங்கே நிறைய உண்டு. ஆகவே நோயுள்ள நாட்டிலிருந்து சான்றிதழின்றித் திரும்புவோரை நம் அரசு ஆறு நாள்கள் வரை தனியே தங்கவைக்கும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாம் நாள் முதல்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி நாளில் ஓடிப் பயனில்லை. 2016 ஜூலை முதல் அச்சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்று உலக நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ளன.

இன்னொரு செய்தி உங்கள் கல்வியைப் பற்றியது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தையொட்டி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காகக் குறித்த பதினெட்டு நாடுகளுக்குச் செல்ல, குடிபெயர்வோர் காப்பாளரிடம் தனி இசைவு பெற வேண்டும் என்ற விதி எழுந்தது. ஆப்பிரிக்காவில் லிபியா, சூடான், தென் சூடான் ஆகியவை அப்பட்டியலைச் சேர்ந்தவை. எழுத்தறியாதவரை ஏமாற்றுவது எளிது என்பதால் ஏற்பட்ட காவல் இது. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அந்தச் சோதனை இல்லை. ஒப்பந்தத்தைத் தாமே படித்து அறிந்துகொள்வார் என்று அரசு நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பது உங்கள் கடமை.

கடவுச்சீட்டு சட்டப்படி இந்திய அரசின் உடைமை. வேலை கொடுப்பவரோ தரகரோ அதை வாங்கி வைத்துக்கொள்ள உரிமையற்றவர். கேட்டால் காட்டுங்கள், ஒப்படைத்துவிடாதீர்கள். அதன் படி ஒன்றை வீட்டிலும் வைத்துச் செல்லுங்கள்.

ட்ரூரோ கப்பலில் ஏறிய நம் முன்னோர் தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படிக்க அறியாமல் போயினர். நீங்கள் படிக்க அறிந்தவர்கள். இன்று வீடு திரும்பியதும் உங்கள் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் அருகருகே வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் நெடும்பயணம் அங்கே தொடங்குகிறது.