காற்று நம்முடையது; கரி யாருடையது?

(டோல்கேட் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



டோல்கேட் என்றால் சுங்கச்சாவடி. சாவடி போயிற்று, 2021 முதல் அதே சாலையின் தலைக்குமேல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. சுங்கம் போயிற்றா? வண்டிக்கு வாங்கிய வரி போய், மூச்சுக்கு வாங்கும் வரி வந்து சேர்ந்தது! நாடு ஒளி பெறட்டும், குறுக்கே நிற்போர் அல்லர் நாம். எத்தனை முறை கட்டுவது என்றுதான் கேட்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் மூண்டது, 450 மெகாவாட். 2017-இல் அணைந்தது. அதற்குள் அக்கம்பக்கத்தில் எத்தனை அடுப்புகள்! வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலை 630, இரண்டாம் நிலை 1,200, 2024 மார்ச்சில் தொடங்கிவைத்த மூன்றாம் நிலை 800. அருகே வல்லூரில் 1,500. இறால் தேடிக் கழிமுகத்தில் இறங்கிய மீனவன் கையில் சாம்பற்சேறு! இவ்வளவுக்கும் பிறகு, அணைந்த எண்ணூர் அடுப்பின் இடத்திலேயே 660 மெகாவாட்டில் இன்னொன்று மூட்டலாமா என்று 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக் கேட்டார்கள். நம்மவர் ஆண்டாலும் மாற்றார் ஆண்டாலும் நான் சொல்லும் விடை ஒன்றே: வேண்டாம்.

மாற்று உண்டா? உண்டு. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-இல் காற்றாலை நட்ட நாடு இது. இன்று தமிழகத்துக் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சீறிப் பாயும் நல்ல இடங்களையெல்லாம் முன்னாளில் நட்ட 250, 300 கிலோவாட் குட்டி ஆலைகள் பிடித்துக்கொண்டன. இன்றோ ஒற்றை ஆலை 3,000 கிலோவாட் தருகிறது. பழையதைக் கழற்றிப் புதியதை நடுங்கள். அதே மண், அதே காற்று, பன்மடங்கு மின்சாரம்!

கரியின் கதையோ வேறு. ஒடிசாவின் தால்சரில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்க வேண்டும். ஒதுக்கீட்டுக்கு டில்லியின் வாயிலில் காத்திருக்க வேண்டும். மாநில சுயாட்சி பேசும் நாம் அடுப்புக்கரிக்குக் கையேந்துவானேன்? தென்மேற்குப் பருவக்காற்றை எந்த அமைச்சகம் ஒதுக்கித் தருகிறது?

"காற்று ஓய்ந்தால்? கதிரவன் மறைந்தால்?" என்பார் ஒருவர். நேர்மையான கேள்வி; ஏளனம் செய்து தள்ளமாட்டேன். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வீசும் காற்று ஆண்டு முழுதும் வீசாதுதான். விடை கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் இருக்கிறது. 1987 முதல் அங்கே, மின்சாரம் மிகும் வேளையில் நீரை மேலே ஏற்றி, வேண்டும் வேளையில் கீழே இறக்கி, 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். அத்தகைய நிலையங்கள் இன்னும் வேண்டும். மின்கலக் கிடங்குகளும் வேண்டும். அவற்றுக்கு எண்ணூரின் பழைய நிலத்தைக் கொடுங்கள். நகருக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பித் தடம் அந்த வட்டாரத்தில் முன்பே உண்டு.

தொழிற்சங்கத் தோழர் முகம் சுளிக்கிறார். "என் மகனுக்கு வேலை?" நியாயம். மின்கலக் கிடங்குக்கு ஆள் அதிகம் தேவைப்படாது, உள்ளதைச் சொல்கிறேன். ஆகவே கிடங்கோடு நின்றுவிடாமல் தொழிற்சாலையும் கேட்போம். கடைசலும் பற்றவைப்பும் கைவந்த வட்டாரம் இது. காற்றாலைக் கோபுரத்தையும் மின்கலப் பெட்டியையும் திருவொற்றியூர்க் கரங்கள் செய்யட்டும். மூடிய நிலையத்து ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கு முதல் இடம் தரட்டும்.

இவ்விரண்டையும் தீர்மானமாக எழுதியிருக்கிறோம். வட்டச் செயலாளர் இப்போது படிப்பார். உடன்பாடுள்ளவர்கள் கையுயர்த்துங்கள், மறுப்புள்ளவர்கள் மேடைக்கு வந்து பேசுங்கள், ஒலிபெருக்கி இன்னும் அரைமணி நேரம் நம்மிடம் இருக்கிறது.