முரட்டுப் பகா எண்களின் முகவரி

பள்ளியில் படித்த பகா எண்கள் நினைவிருக்கும்: 2, 3, 5, 7, 11 என்று போகுமே, அவைதான். அந்தக் கூட்டத்தில் சில முரட்டுப் பிள்ளைகள் உண்டு. நூறுக்குள் மூன்றே மூன்று: 37, 59, 67. கணிதத்தில் இவற்றுக்கு ‘ஒழுங்கற்ற பகா எண்கள்’ என்று பெயர்.

கதை 1847 மார்ச் 1-ஆம் தேதி பாரிசில் தொடங்குகிறது. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக அறிவியல் கழகத்தில் அறிவித்தார் காப்ரியேல் லாமே. அதே அவையில் லியூவில் எழுந்து ஐயம் கிளப்பினார். 12-ஐ உடைத்தால் 2, 2, 3 மட்டுமே கிடைக்கும், வேறு வழியில்லை. லாமே பயன்படுத்தியதோ வேறோர் எண் உலகம். அங்கேயும் ஒரே வழிதானா? இல்லை என்று மே மாதம் ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் எர்ன்ஸ்ட் கும்மர். 23-க்குரிய எண் உலகிலேயே அந்த விதி உடைந்துவிடும் என்பது அவருக்கு முன்பே தெரியும். லாமேயின் நிறுவல் அத்தோடு சரிந்தது.

கும்மர் குறை சொல்லிவிட்டு ஒதுங்கிவிடவில்லை. விதி எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதை அளக்க ‘வகுப்பு எண்’ என்ற ஒன்றைக் கண்டார். ஒரு பகா எண் தனக்குரிய வகுப்பு எண்ணை மீதியின்றி வகுக்காவிட்டால், அந்த அடுக்குக்கு ஃபெர்மா சொன்னது சரி. வகுத்துவிட்டால் அது முரட்டுப் பிள்ளை. கும்மரின் அந்த வழி அங்கே செல்லாது. கண்டுபிடிக்க எளிய சோதனையும் தந்தார்: பெர்னூலி எண்கள் எனும் பின்னங்களின் மேல் எண்ணைப் பாருங்கள். 12-ஆவது பின்னம் −691/2730. ஆக, 691 முரட்டு எண். 37 சிக்குவது 32-ஆவதில்.

ஃபெர்மா தேற்றத்தை ஆண்ட்ரூ வைல்ஸ் வேறு வழியில் முடித்துவைத்தார். நிறுவல் 1995-இல் வெளியானது. முரட்டு எண்களின் வேலை அத்துடன் முடிந்ததா? இல்லை, இனிமேல்தான் சுவாரசியம்.

கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் முடிகிற எண் தொகுதியை ‘வளையம்’ என்பர். 1970-களின் தொடக்கத்தில் டேனியல் குவில்லன், எந்த வளையத்துக்கும் அதன் உள்ளமைப்பைக் காட்டும் குலங்களை வரிசையாகக் கட்டும் முறையைத் தந்தார். அதுவே உயர் கே-கோட்பாடு. வடிவங்களை ஆராயும் இடவியலிலிருந்து பிறந்த கருவி அது. எல்லாருக்கும் தெரிந்த சாதாரண முழு எண்களை அதில் போட்டால் 22-ஆவது குலத்தில் எத்தனை உறுப்புகள்? சரியாக 691! (ஈரோட்டில் பிறந்த இராமானுஜனின் டாவ் சார்பிலும் இதே 691 தலைகாட்டும்.)

வரிசையில் 4, 8, 12 என நான்கின் மடங்கில் வரும் குலங்கள்தான் இன்னும் சிக்கல். வகுப்பு எண் இரு காரணிகளாகப் பிரியும்; அதில் இரண்டாவதை அந்தப் பகா எண் ஒருபோதும் வகுக்காது என்பது கும்மர்-வான்டிவர் ஊகம். அது உண்மையானால் அந்தக் குலங்கள் எல்லாம் வெறுமையே. அவை வெறுமையானால் ஊகமும் உண்மையே. இந்தத் தொடர்பை 1992-இல் காட்டியவர் மசாத்தோ குரிஹாரா. இரண்டு பில்லியன் வரையிலான பகா எண்களைக் கணினியில் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். ஒன்றுகூட ஊகத்தை மீறவில்லை. ஆனால் எண்களுக்கு முடிவேது, நேயர்களே? குலங்களின் பக்கம் நடை இன்னும் மெதுவானது. 4-ஆவது வெறுமை என 2000-இல் நிறுவினார் ஜான் ரோக்னஸ். அடுத்த படியான 8-ஆவதற்கு நால்வர் குழு ஒன்று கணினியின் துணையோடு விடை சொன்னபோது ஆண்டு 2019.