வலம் இடம் அறிந்து பிரேக் தட்டைப் பொருத்துவோம்

(தோட்ட மண்டபம் ஒன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

தோட்டத்து வீடுகளின் முன்னே காரோ வேனோ நிற்பது இன்று புதுமையன்று. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நோயுற்றவரைப் பட்டணத்து மருத்துவமனையில் சேர்க்கவும் அவை உதவுகின்றன. ஓய்வு நாளில் நம் இளைஞர்கள் தாங்களே அவற்றைப் பழுது பார்க்கிறார்கள். அது பாராட்டத்தக்கது. ஆனால் மற்றப் பாகங்களில் நேரும் பிழை பெரும்பாலும் காசோடு போய்விடும்; பிரேக்கில் நேரும் பிழை உயிரையும் கேட்கும். ஆதலின் பிரேக் தட்டைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

பிரேக் தட்டு என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்பு வட்டு. நாம் பிரேக்கை மிதிக்கும்போது இருபுறமும் உள்ள கட்டைகள் அதனை இறுக்கிப் பிடிக்கின்றன. வாகனத்தின் வேகம் வெப்பமாக மாறுகிறது. தாப்பாவுக்கு மேலே, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா உள்ளது. ஒன்றரை டன் எடையுள்ள வாகனம் அங்கிருந்து பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குமானால், பிறக்கும் வெப்பம் சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இத்துணை வெப்பமும் எங்கே போவது? காற்றில்தான் கலக்க வேண்டும்.

அதற்காகவே முன்சக்கரத் தட்டுகள் பலவற்றை இரண்டு வட்டுகளாகச் செய்து, நடுவே துடுப்புகளை வைத்திருக்கிறார்கள். தட்டு சுழலும்போது காற்று நடுப்பகுதியில் நுழைந்து, துடுப்புகளின் ஊடே சென்று, விளிம்பு வழியாக வெளியேறுகிறது. சாதாரணக் கார்கள் பெரும்பாலானவற்றில் இத்துடுப்புகள் நேரானவை. அவற்றை எந்தப் பக்கத்திலும் பொருத்தலாம். சில தட்டுகளிலோ துடுப்புகள் வளைந்திருக்கும். இவையே திசையுள்ள தட்டுகள். இவற்றில் வலப்பக்கத்துத் தட்டு வேறு, இடப்பக்கத்துத் தட்டு வேறு.

எந்தத் தட்டு எந்தப் பக்கம் என்பதை அறிய எளிய வழி உண்டு. தட்டைச் சக்கர அச்சில் வைத்து, விளிம்பின் இடைவெளியில் பாருங்கள். உச்சியில் உள்ள துடுப்பின் மேல்நுனி வாகனத்தின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். சைக்கிளில் விரையும் பெண்ணின் துப்பட்டா பின்னோக்கிப் பறக்கிறதல்லவா? துடுப்பும் அவ்வாறே சுழற்சிக்குப் பின்வாங்கி நிற்க வேண்டும். தட்டின் முகத்தில் வெட்டப்பட்ட கோடுகளைப் பார்த்துப் பக்கத்தை முடிவு செய்தல் தவறு. அக்கோடுகளின் சாய்வு செய்பவருக்குச் செய்பவர் வேறுபடும். துடுப்பின் வளைவே உறுதியான சான்று. தட்டில் அம்புக்குறியோ, இடம் வலம் குறிக்கும் ‘எல்’, ‘ஆர்’ எழுத்துகளோ இருந்தால் அவற்றையும் ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த தட்டுகளை வாங்கி, வீட்டிலேயே பொருத்தினேன். பெட்டியில் ‘ஓட்டுநர் பக்கம்’ என்று எழுதியிருந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் அமர்வது வலப்பக்கம். ஆனால் அந்தப் பெட்டி, ஓட்டுநர் இடப்பக்கம் அமரும் நாட்டிற்காக எழுதப்பட்டது. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். எழுத்தைப் படித்தேன், பொருளைப் பார்க்கவில்லை. இரண்டு தட்டுகளும் பக்கம் மாறின.

அன்றாடப் பயணத்தில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை, ஓசையில்லை, அதிர்வில்லை. பள்ளி விடுமுறையில் மனைவி மக்களோடு மலைக்குச் சென்று திரும்பும்போதுதான் கருகிய வாடை வந்தது. மிதி மெத்தென்று உள்ளே போயிற்று. கீழ்க் கியரில் போட்டு, மெல்ல ஓரங்கட்டி நிறுத்தினேன். பின்னிருக்கையில் பிள்ளைகள் ஒன்றும் அறியாமல் உறங்கிக் கொண்டிருந்தார்கள். அந்த முகங்களைக் கண்டபோது என் கைகள் நடுங்கின. பின்னர்த் தோட்டப் பட்டறையில் இருந்த பெரியவர் ஒருவர் விளிம்பை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஐயா, இது மாறிக் கிடக்கிறது” என்றார். பிழை அது ஒன்று மட்டுமன்று. உயர்ந்த கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். பிரேக் எண்ணெயையும் நெடுநாள் மாற்றவில்லை. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரையேனும் கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடும். மூன்று பிழைகள் ஒன்றுகூடின.

இனி, பொருத்தும் முறையைக் கூறுகிறேன். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியபின் ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துங்கள். தோட்டத்து மண் இளகியது. அடியில் தடித்த பலகை வைத்தல் நன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். பிடிப்பானைக் கழற்றியதும் அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பிரேக் தூசியை ஊதாதீர்கள். பழைய கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடையுங்கள்.

பழைய தட்டை எடுத்தபின், அச்சு முகத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் முற்றிலும் நீக்குங்கள். எஞ்சிய சிறு துருவும் தட்டைக் கோணலாக்கி, மிதியை அதிரச் செய்யும். புதிய தட்டின்மேல் பூசிய எண்ணெயைப் பிரேக் துப்புரவுத் திரவத்தால் போக்குங்கள். மண்ணெண்ணெய், டீசல் வேண்டா. தட்டுகளை இணையாகவே மாற்றுங்கள். ஒவ்வொன்றையும் வைத்ததும் துடுப்பின் சாய்வை மறுபடி பாருங்கள். இரண்டும் ஒரே பக்கமாக வளைந்தவையானால், உற்பத்தியாளர் குறிப்போடு ஒப்பிட்டு, பொருந்தாததைக் கடையில் மாற்றிக் கொள்ளுங்கள்.

பிடிப்பான் திருகுகளையும் சக்கர நட்டுகளையும் கையேட்டில் கூறிய அளவுக்கு இறுக்குங்கள். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குதல் வேண்டும். வாகனத்தை நகர்த்துமுன் மிதி கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதிப்பில் வாகனம் நிற்காது. பின்பு ஆளில்லாச் சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டர்வரை மிதமாக வேகம் குறைப்பதைப் பத்து முறை, இடையிடையே ஆறவிட்டுச் செய்யுங்கள். கட்டையும் தட்டும் அதனால் பொருந்திப் படியும்.

நண்பர்களே, தலைகீழாகப் பொருத்திய தட்டும் பிரேக் பிடிக்கும். அதுவே அதன் ஆபத்து. சோதனை வரும்வரை அது வாய் திறவாது. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஐயம் எழுந்தால் வேலையை நிறுத்திவிட்டு, தேர்ந்த பட்டறைக்காரரை அணுகுங்கள்; அதில் இழுக்கு ஏதுமில்லை. மலையிறங்கும்போது கீழ்க் கியரில் இறங்குங்கள். இன்று வீடு சென்றதும், திசையுள்ள தட்டு வைத்திருப்போர் ஒரு விளக்கை எடுத்து, உச்சித் துடுப்பு எப்பக்கம் சாய்ந்துள்ளது என்று பாருங்கள். பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகள் நம் கையை நம்பித்தான் உறங்குகிறார்கள்.