நுண்ணுயிரியற் பட்டம்: கற்கப் போகும் தங்கைமாருக்கு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி, உயர்தர உயிரியற் பிரிவு மாணவிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் கற்பதைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். உங்களிடமிருந்து வினாக்களையும் முன்கூட்டியே எழுதி வாங்கித் தந்தார்கள். அவற்றிற் பெரும்பாலானவை ஒரே வினாதான்: "மருத்துவம் கிடைக்காவிட்டால் நுண்ணுயிரியல் படிக்கலாமா?"

தாராளமாகப் படிக்கலாம். ஆனால் மருத்துவம் கிடைக்காத துக்கத்தைச் சுமந்துகொண்டு இதைப் படிக்க முடியாது. இது பாதி மருத்துவமும் அல்ல, மருத்துவத்துக்கு ஆறுதற் பரிசும் அல்ல. இதற்கென்று ஒரு வேலைமுறை உண்டு. அது உங்கள் குணத்துக்குப் பொருந்துமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்கு உதவுவதே இந்த உரையின் நோக்கம்.

அந்த வேலைமுறையை விளக்க நமது கடலிலிருந்தே தொடங்குகிறேன். நோன்பு காலத்திலும் விருந்துகளிலும் செய்யும் கடற்பாசி இனிப்பை நீங்கள் எல்லோரும் சுவைத்திருப்பீர்கள். அதே பொருளைத்தான் ஆய்வுகூடத்தில் ஏகார் என்கிறோம். 1881ஆம் ஆண்டு வரை ஜேர்மனியில் ரொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் பற்றீரியாக்களை வளர்ப்பதற்கு ஜெலற்றின் பயன்பட்டது. அது கோடை வெப்பத்தில் உருகிவிடும். சில பற்றீரியாக்கள் அதையே கரைத்து நீராக்கிவிடும். கலந்து கிடக்கும் கிருமிகளைத் தனித்தனியாகப் பிரிக்க இயலாமல் ஆய்வாளர்கள் திணறினார்கள். அங்கே பணிபுரிந்த வால்ட்டர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபனி ஹெஸ்ஸே, தாம் சமையலில் பயன்படுத்தும் ஏகாரை முயன்று பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த அயலவர் ஒருவரிடமிருந்து அவர் அதை அறிந்திருந்தார். ஏகார் உருகுவதற்கு ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும். ஆறி 40 பாகையளவுக்கு வந்த பின்னரே உறையும். ஆகவே உடல் வெப்பமான 37 பாகையில் நாட்கணக்கில் வைத்தாலும் அது திண்மமாகவே இருக்கும். மறு ஆண்டு, 1882இல், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததைக் கொக் அறிவித்தார். அந்தக் கட்டுரையில் ஏகாரைக் குறிப்பிட்டாரே தவிர, அதைச் சொன்ன பெண்மணியைக் குறிப்பிடவில்லை. இன்று உலகில் ஏகார் இல்லாத நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் கிடையாது.

ஏகார் தரும் கிரசிலேரியா என்ற செங்கடற்பாசி நமது கொட்டியாரக்குடாவிலும் வளர்வது. "இலங்கைப் பாசி" என்ற பெயரில் அது முன்பு வெளிநாட்டாருக்கு அறிமுகமாகியிருந்தது. ஆகவே இந்தப் பாடம் நமக்குத் தொலைவான ஒன்று என்று யாரும் எண்ண வேண்டாம்.

இனிப் பட்டப்படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். களனிப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் நுண்ணுயிரியலுக்கெனத் தனித் துறை உண்டு. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் நுண்ணுயிரியற் பாடங்களைப் பெரும்பாலும் தாவரவியல் துறையோடு சேர்த்துக் கற்கலாம். தமிழ்நாட்டின் கலை அறிவியற் கல்லூரிகள் பலவற்றில் இது மூன்றாண்டுப் பட்டமாக இருக்கிறது. நம் நாட்டில் பொதுப் பட்டம் மூன்று ஆண்டு, சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டு. கற்பது ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலம் உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு முதலாண்டில் பாடத்தைவிட மொழியே பாரமாக இருக்கும். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள்.

இசட் புள்ளியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விஞ்ஞானப் பிரிவு அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. விண்ணப்பத்தில் விருப்பங்களை வரிசைப்படுத்தும்போது கைநூலை முழுமையாக வாசியுங்கள். டியூசன் வகுப்பிற் சொன்னதை மட்டும் நம்பி நிரப்ப வேண்டாம்.

செய்முறை வகுப்புகளே இந்தப் பாடத்தின் உயிர். ஊடகம் காய்ச்சுவது, 121 பாகை நீராவியில் கிருமியழிப்பது, கம்பி வளையத்தைச் சுவாலையிற் பிடித்துக் கோடிழுத்து விதைப்பது, சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே செய்வீர்கள். இன்று விதைத்ததை நாளைதான் பார்க்கலாம். சிலவற்றுக்கு வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். எதையும் விதைக்காத ஒரு கிண்ணத்தையும் எப்போதும் உடன் வைப்போம். அந்த வெறுங்கிண்ணத்தில் ஏதேனும் முளைத்திருந்தால் மற்றக் கிண்ணங்களின் முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கியெறிய வேண்டும். தனக்குப் பிடித்த முடிவையும் சந்தேகிக்கப் பழகுவதுதான் இந்தப் பட்டம் தரும் பெரிய கல்வி. பொறுமையும் ஒழுங்கும் உள்ள பிள்ளைக்கு இது இன்பமான படிப்பு. உடனுக்குடன் விடை வேண்டும் என்பவருக்கு இது சலிக்கும்.

இந்தப் பட்டம் எதைத் தராது என்பதையும் பெற்றோர்கள் முன்னிலையில் சொல்லியாக வேண்டும். இதை முடித்தால் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் விசேட வைத்தியராக முடியாது. அதற்கு முதலில் மருத்துவப் பட்டமும், பின்பு பட்டமேற்படிப்பும் வேண்டும். அரச மருத்துவமனை ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராகவும் நேரடியாகச் சேர முடியாது. அதற்குத் தனிப் பயிற்சியும் இலங்கை மருத்துவச் சபையின் பதிவும் தேவை. மருத்துவமனையிற் பணியாற்றுவதே உங்கள் எண்ணமானால் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இந்த வேறுபாட்டைச் சேர்வதற்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் நுண்ணுயிரியலாளருக்கு எங்கே வேலை? நமது மாவட்டத்தையே சுற்றிப் பாருங்கள்.

முதலாவது, குடிநீர். நமது தேசிய தரத்தின்படி 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஈ.கோலை பற்றீரியா ஒன்றுகூட இருத்தலாகாது. வெள்ளம் வடிந்த பிறகு மூதூரிலோ தம்பலகாமத்திலோ ஒரு கிணற்றுநீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்கத்தக்கதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. வளர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது, மீன். சூரையும் கெலவல்லாவும் வெயிலிற் கிடந்தால், சில பற்றீரியாக்கள் அவற்றின் தசையிலுள்ள ஹிஸ்ரிடீனை ஹிஸ்ரமீன் ஆக மாற்றிவிடும். அதைச் சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடல் கடித்து, தலை இடிக்கும். நாம் "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்ரமீன் அழியாது. பிடித்த நேரத்திலிருந்து 4 பாகைக்கு மேற்படாமல் ஐஸில் வைப்பதே வழி. இதை மீனவக் குடும்பங்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல, கற்ற ஒரு பிள்ளை வேண்டும்.

மூன்றாவது, துறைமுகம். கப்பல்கள் நிலைகுலையாதிருக்கத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி வருகின்றன. ஒரு நாட்டில் ஏற்றிய நீர் இன்னொரு நாட்டில் இறக்கப்படும்போது கிருமிகளும் கூடவே இறங்குகின்றன. இதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. அந்த நீரில் வாந்திபேதிப் பற்றீரியா, ஈ.கோலை ஆகியன எவ்வளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று அது எண்ணிக்கையில் வரையறுக்கிறது. உலகறிந்த இயற்கைத் துறைமுகத்தின் கரையில் வாழும் நமக்கு இது அந்நியமான பாடமல்ல.

2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டதையும், கிண்ணியா பட்ட துன்பத்தையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பரவும் வைரசு நான்கு வகைகளுள் எது என்று சொல்வதும் ஆய்வுகூட வேலைதான்.

"பெண்பிள்ளைகளுக்கு இது ஏற்றதா? கிருமியோடு வேலை செய்வது ஆபத்தல்லவா?" என்று ஒரு தாய் எழுதிக் கேட்டிருந்தார். அவருக்குச் சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1985இல் இந்தியாவில் எயிட்ஸ் நோய் இல்லை என்று பலரும் நம்பியிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சொலமன், தம் பட்டமேற்படிப்பு மாணவி நிர்மலாவிடம் இதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். நிர்மலா கணவரின் ஸ்கூட்டரில் போய், காப்பகத்தில் இருந்த பெண்களிடம் பேசி, ஏறத்தாழ மூன்று மாதங்களில் எண்பதுக்கு மேற்பட்ட இரத்த மாதிரிகளைச் சேர்த்தார். தகுந்த வசதி இல்லாததால் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். 1986 பெப்ரவரியில் வேலூருக்கு எடுத்துச் சென்று பரிசோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அவர்கள் உடனே அறிவித்துவிடவில்லை. அந்தப் பெண்களிடம் மீண்டும் மாதிரி எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதிசெய்த பின்னரே அரசு அறிவித்தது. இந்தியா தன் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை அறிந்தது இரண்டு பெண்களின் விடாமுயற்சியால்.

ஆபத்து உண்டா என்றால், உண்டு. அவர்கள் காலத்தில் இல்லாத பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்று உண்டு. முதல் வகுப்பிலேயே அதைத்தான் கற்பிப்பார்கள்.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நமது பாடசாலை ஆய்வுகூடத்தில் இதைத் தொடங்கப் பெருந்தொகை தேவையில்லை. வீட்டில் பயன்படுத்தும் பிரஷர் குக்கர் 15 இறாத்தல் அமுக்கத்தில் 121 பாகை தரும். அதுவே ஊடகத்துக்குக் கிருமியழிக்கப் போதும். எண்ணெய்வில்லையுள்ள நல்ல நுணுக்குக்காட்டி ஒன்றும், சாயப் போத்தல்கள் சிலவும் வாங்கித் தாருங்கள். புண், சளி போன்றவற்றிலிருந்து எதையும் வளர்க்க வேண்டாம். நம் ஊர் முட்டித் தயிரில் ஒரு துளி போதும். சாயமூட்டிப் பார்த்தால் சங்கிலியாய்க் கோத்த உருண்டைகளும் கோல்களும் ஊதா நிறத்தில் தெரியும். விண்ணப்பப் படிவம் நிரப்பும் முன்பே ஒவ்வொரு பிள்ளையும் அதை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். பார்த்த பின் எது தன் பாடம் என்று அவளே முடிவெடுக்கட்டும்.

தங்கைமாரே, மருத்துவம் விரும்புகிறவர்கள் அதற்கு முழுமூச்சாக முயலுங்கள். நுண்ணுயிரியலைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதை முதல் விருப்பமாகவே எண்ணிச் செல்லுங்கள். உங்கள் ஊரின் கிணறும் மீன்வாடியும் துறைமுகமும் உங்களை எதிர்பார்த்திருக்கின்றன.